பொட்டல மிட்டாயும் ஆல்ஃபா-கால் ஒவ்வாமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் அமெரிக்காவின் வட கரோலினாவில் வசிக்கிறோம். ஆறு ஆண்டுகளுக்கு முன் என் கணவருக்கு ஆல்ஃபா-கால் ஒவ்வாமை இருப்பது தெரிந்தது. அன்று முதல் வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு மிட்டாய் உறையையும் படித்த பிறகே டப்பாவில் போடுகிறேன். இங்குள்ள வேறு சில தமிழ்க் குடும்பங்களிலும் இதே சிக்கல் வந்தபின், தீபாவளிக்கு முன்பும் அக்டோபர் கடைசியில் ஹாலோவீனுக்கு முன்பும் ஒரே கேள்விகள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. உங்களுக்கு எது எவ்வளவு ஆபத்து என்பதை ஒவ்வாமை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உறையைப் படிக்கும் வேலை நம்முடையது.

ஆல்ஃபா-கால் ஒவ்வாமை என்றால் என்ன?

மாடு, பன்றி, ஆடு, மான், முயல் போன்ற பாலூட்டிகளின் உடலில் ஆல்ஃபா-கால் என்றொரு சர்க்கரை மூலக்கூறு இருக்கிறது. மனிதர்களுக்கும், வாலில்லாக் குரங்குகளுக்கும், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் அது கிடையாது. சில வகை உண்ணிகள் கடித்தபின் நம் உடல் அந்தச் சர்க்கரையைப் பகையாகப் பாவிக்கத் தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் இதற்குப் பெரும்பாலும் காரணம், முதுகில் வெள்ளைப் புள்ளி கொண்ட லோன் ஸ்டார் உண்ணி. ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் வேறு உண்ணிகள்.

இது வெளிப்பட்ட விதம் விந்தையானது. செட்டுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்தை முதல் முறை செலுத்தும்போதே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது. அதுவும் டென்னசி, வட கரோலினா பகுதிகளில்தான் அதிகம். 2008-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர், அந்த மருந்தில் ஒட்டியிருந்த ஆல்ஃபா-கால்தான் காரணம் என்று காட்டினார்கள். மறு ஆண்டே, இறைச்சி சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்து வரும் ஒவ்வாமைக்கும் அதுவே காரணம் என்பது வெளியானது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி 2010 முதல் 2022 வரை 1,10,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இது இருக்கலாம் எனச் சோதனைகள் காட்டின; உண்மையில் 4,50,000 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. அதே சமயம் அந்த மையம் நடத்திய ஆய்வில், மருத்துவப் பணியாளர்களில் 42 விழுக்காட்டினர் இந்த நோயின் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றார்கள்.

இறைச்சிதானே ஆகாது? மிட்டாயில் என்ன இருக்கிறது?

நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆட்டுக்கறியை நிறுத்தினோம், கோழியும் மீனும் சமைத்தோம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினோம். ஒருநாள் மாலை நண்பர் வீட்டுத் தோட்டத்தில் தீ மூட்டி மார்ஷ்மெல்லோ வாட்டித் தின்றார்கள். என் கணவர் ஐந்தாறு தின்றிருப்பார். இரவு ஒரு மணிக்கு உள்ளங்கை அரிக்கிறது என்று எழுந்தார். அரை மணி நேரத்தில் உடல் முழுவதும் தடிப்பு, வயிற்றைப் பிடுங்கும் வலி. அவசரப் பிரிவில் மருந்து கொடுத்துச் சரிசெய்தார்கள். ஆனால் அங்கே பார்த்த மருத்துவர், சாப்பாடு கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து குப்பைக் கூடையிலிருந்த உறையை எடுத்துப் பார்த்தபோதுதான் ஜெலட்டின் என்ற சொல் கண்ணில் பட்டது.

ஜெலட்டின் என்பது பன்றித் தோல், மாட்டுத் தோல், எலும்பு ஆகியவற்றைக் காய்ச்சி எடுக்கும் பசை. சவ்வு மாதிரி இழுபடும் மிட்டாய்க்கு அந்த இழுவையைத் தருவது பெரும்பாலும் அதுதான். கரடி வடிவ கம்மி மிட்டாய், மார்ஷ்மெல்லோ, பழ ஸ்நாக்ஸ், சோள மணி வடிவ கேண்டி கார்ன், மேலே சர்க்கரைப் பூச்சு போட்ட பாப்-டார்ட்ஸ், சில வகைப் புதினா வில்லைகள், கம்மி வைட்டமின்கள் என்று அது இருக்கும் இடங்கள் ஏராளம். கேண்டி கார்ன் கடிக்க மாவு மாதிரி இருக்கும், அதிலா ஜெலட்டின் என்று தோன்றும். பெரும்பாலான தயாரிப்புகளில் இருக்கிறது.

சாப்பிட்டு இவ்வளவு நேரம் கழித்தா ஒவ்வாமை வரும்?

வரும். நிலக்கடலை ஒவ்வாமை சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இது 2 முதல் 6 மணி நேரம் கழித்துத் தலைகாட்டும். அதனால் மாலை தின்ற மிட்டாய்க்கான தண்டனை நள்ளிரவில் வருகிறது. பழியோ இரவு உணவின்மேல் விழுகிறது. சிலருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாது, வயிற்றுவலியும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் மட்டும் வரும். அவர்கள் ஆண்டுக்கணக்கில் வேறு நோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். என்ன தின்றார், எத்தனை மணிக்கு, அறிகுறி எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். உறையைப் படம் எடுத்துவையுங்கள். அன்று மது அருந்தினாரா, ஓடினாரா, இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரை எடுத்தாரா என்பதையும் குறியுங்கள். இவை எதிர்வினையைக் கூட்டும். நேற்று தாங்கிய அதே மிட்டாய் இன்று தாங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உறையில் எதை முதலில் தேட வேண்டும்?

முதலில் ஜெலட்டின். மிட்டாயைப் பொறுத்தவரை பாதி வேலை அதோடு முடிந்துவிடும். அடுத்து மாட்டுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு. பால் ஒத்துக்கொள்ளாதவர் என்றால் பால், வெண்ணெய்க் கொழுப்பு, வே (பால் திரிந்தபின் பிரியும் நீர்), பால் புரதமான கேசின், கேசினேட், பால் சர்க்கரையான லாக்டோஸ் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

இவற்றுக்கு அப்பால் இரண்டு முகம் கொண்ட பெயர்கள் இருக்கின்றன. கிளிசரின், ஸ்டியரிக் அமிலம், மெக்னீசியம் ஸ்டியரேட், கால்சியம் ஸ்டியரேட், மோனோ மற்றும் டைகிளிசரைடுகள். இவை பனை எண்ணெயிலிருந்தும் வரலாம், மாட்டுக்கொழுப்பிலிருந்தும் வரலாம். பெயரைப் பார்த்து மூலத்தைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. வில்லையாக அழுத்திச் செய்யும் மிட்டாய்களில் அச்சில் ஒட்டாமல் இருக்க ஸ்டியரேட் போடுகிறார்கள். சூயிங் கம்மில் ஈரம் காயாமல் இருக்க கிளிசரின் சேர்க்கிறார்கள்.

இவற்றில் ஆல்ஃபா-கால் இருந்தாலும் மிகச் சிறிய அளவில்தான் இருக்கும். நிறையப் பேர் எந்தத் தொல்லையும் இல்லாமல் தின்கிறார்கள். மிகுந்த உணர்திறன் உள்ளவர்களுக்கு மட்டும் இவை சிக்கல். எனவே முதல் நாளே எல்லாவற்றையும் விலக்கி, சாப்பிடவே பயப்படும் நிலைக்கு ஒருவரைத் தள்ளாதீர்கள். ஜெலட்டினையும் இறைச்சிக்கொழுப்பையும் கறாராக நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் அறிகுறி தொடர்ந்தால், மருத்துவரோடு பேசி அடுத்த வட்டத்துக்குப் போங்கள். என் கணவருக்கு ஸ்டியரேட் ஒன்றும் செய்வதில்லை. எங்களுக்குத் தெரிந்த இன்னொரு பெண்மணிக்கு மாத்திரையில் இருக்கும் துளி ஸ்டியரேட் கூட ஆகாது.

எண்கள் மட்டும் போட்டிருந்தால்?

ஐரோப்பிய, இந்தியப் பொட்டலங்களில் இது வரும். 422 கிளிசரின். 470 கொழுப்பு அமில உப்புகள், ஸ்டியரேட்டுகள் இதில் அடங்கும். 471 மோனோ, டைகிளிசரைடுகள். 472 அவற்றின் உறவுக்காரர்கள். 570 ஸ்டியரிக் அமிலம் முதலிய கொழுப்பு அமிலங்கள். 542 எலும்பு பாஸ்பேட். 966 லாக்டிடால், பாலிலிருந்து செய்வது. ஜெலட்டினைப் பழைய உறைகளில் 441 என்றும் சில இடங்களில் 428 என்றும் காணலாம். இந்த எண்களைச் சிறு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்திருக்கிறேன், கடையில் நின்றுகொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

அமெரிக்கச் சட்டப்படி ஒவ்வாமைப் பொருள்களை எழுத வேண்டுமே?

ஒன்பது பொருள்களைத்தான் எழுத வேண்டும். 2004-ல் வந்த சட்டம் பால், முட்டை, மீன், ஓடுடைய கடலுணவு, மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா என எட்டைச் சொன்னது. 2023 ஜனவரி முதல் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. இந்தப் பட்டியலில் மாடும் இல்லை, பன்றியும் இல்லை, ஜெலட்டினும் இல்லை. உறையின் அடியில் தடித்த எழுத்தில் வரும் எச்சரிக்கை வரியை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். அந்த வரி நமக்காக எழுதப்பட்டதே அல்ல. பாலைக் கண்டுபிடிக்க மட்டும் அது உதவும். மற்றதற்கு மேலே உள்ள சேர்பொருள் பட்டியல் முழுவதையும் படித்தே ஆக வேண்டும்.

ஜெலட்டினைச் சேர்பொருளாகப் போட்டால் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பது ஒரு ஆறுதல். ஆனால் எந்த விலங்கின் ஜெலட்டின் என்று சொல்ல வேண்டியதில்லை. இயற்கைச் சுவையூட்டி என்ற சொல்லுக்குள் இறைச்சி, பால் ஆகியவற்றிலிருந்து எடுத்ததும் அடங்கலாம். மிட்டாய்களில் அது பெரும்பாலும் பழம், பூ, பட்டை வகைதான். ஆனாலும் சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது.

ஹலால் முத்திரை இருந்தால் சாப்பிடலாமா?

கூடாது. நம் மக்களிடையே அதிகம் நடக்கும் தவறு இதுதான். ஹலால் என்றால் பன்றி இல்லை என்று பொருள். ஜெலட்டின் இல்லை என்று பொருள் அல்ல. ஜெர்மனியின் ஹரிபோ நிறுவனம் வழக்கமாகப் பன்றி ஜெலட்டினில் கம்மி செய்கிறது. துருக்கியில் செய்யும் அதன் ஹலால் வகையில் மாட்டு ஜெலட்டின் இருக்கிறது. நம் ஒவ்வாமைக்கு இரண்டும் ஒன்றே. மீன் ஜெலட்டின் என்று தெளிவாக எழுதியிருந்தால் அது வேறு கதை. மீனில் ஆல்ஃபா-கால் இல்லை.

யூதர்களின் கோஷர் முத்திரை? அதில் பாரேவ் என்றால் இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை என்கிறார்களே?

பால் இல்லை என்பதற்கு அது நல்ல அடையாளம். ஆனால் ஜெலட்டின் அளவுக்கு மாறிப்போன பொருளைச் சில சமய அதிகாரிகள் இறைச்சியாகவே கருதுவதில்லை. ஆகவே மாட்டு ஜெலட்டின் கலந்த மார்ஷ்மெல்லோவிலும் பாரேவ் முத்திரை இருக்கலாம். அந்த முத்திரை சமயக் கேள்விக்கான பதில். நம் கேள்வி வேறு.

இந்தியக் கடையில் வாங்கும் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி இருக்கிறதே?

என் அனுபவத்தில் மற்ற முத்திரைகளை எல்லாம் விட இது நமக்கு அதிகம் உதவுகிறது. இந்திய விதிப்படி பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி என்றால் பால், தேன் போன்றவை தவிர விலங்கிலிருந்து வந்த எதுவும் இல்லை. ஜெலட்டின் போட்டால் பச்சைப் புள்ளி வைக்க முடியாது. அதே பட்டியலில் 471 என்று இருந்தாலும் அது தாவர வழி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்க உறையைப் பார்த்து இவ்வளவு சொல்ல முடியாது.

ஆனால் நெய், பால், கோவா, பால்பவுடர் எல்லாம் பச்சைப் புள்ளிக்குள்ளேயே வரும். பால் ஆகாதவருக்கு அந்தப் புள்ளி பாதி வழிதான் கூட்டிச்செல்லும். அவர்கள் 2022-ல் இந்தியா கொண்டுவந்த வீகன் (பால் உட்பட விலங்குப் பொருள் எதுவும் சேராதது) முத்திரையைத் தேடலாம்.

வீகன் என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். நமக்குக் கிடைக்கும் நல்ல அடையாளம் அது. ஆனால் அமெரிக்காவில் அச்சொல்லுக்கு மத்திய அரசு சட்டத்தில் வரையறை இல்லை. தனியார் அமைப்பு சான்றளித்திருந்தால் கூடுதல் நம்பிக்கை. இன்னொன்று காராஜீனன். அது செந்நிறக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் கெட்டிப்பொருள். முழுக்கத் தாவர வகையானாலும், ஆல்ஃபா-கால் நோயாளிகளில் சிலர் அது தங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். வீகன் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டினுக்குப் பதிலாக அதைப் போடும் வழக்கம் உண்டு. முதல் முறை கொஞ்சமாகத் தின்று பாருங்கள்.

பாலில்லாதது என்ற பொருளில் நான்-டெய்ரி என்று எழுதிய, காப்பியில் பாலுக்குப் பதில் கலக்கும் பொடியிலும் கிரீமிலும் பாலின் புரதமான கேசினேட் இருக்கலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல்லை நம்பாதீர்கள்.

நம் ஊர் இனிப்புகள்? அம்மா தீபாவளிக்கு அனுப்பியிருக்கிறார்.

முதல் கேள்வி: பால் ஒத்துக்கொள்கிறதா? ஆல்ஃபா-கால் உள்ளவர்களில் பெரும்பாலோர் பால் பொருள்களைத் தாங்கிக்கொள்கிறார்கள். தாங்குபவருக்கு மைசூர்பாகும் பால்கோவாவும் மருத்துவர் சொன்ன வரம்புக்குள் சரி. தாங்காதவர், நெய்யில் வெறும் கொழுப்புதானே என்று எண்ணிச் சோதித்துப் பார்க்க வேண்டாம். ஆல்ஃபா-கால் கொழுப்போடும் ஒட்டியிருக்கும். கொழுப்பு மிகுந்த உணவுக்குத்தான் எதிர்வினை கடுமையாக இருக்கிறது. ஆட்டுப்பால், ஒட்டகப்பால் என்று மாற்றுவதிலும் பயனில்லை, எல்லாம் பாலூட்டிதான். தாய்ப்பாலுக்கு மட்டும் இந்தச் சிக்கல் இல்லை.

நெய்யும் பாலும் சேராத இனிப்பு நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்பது இந்த நோய் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய், எள்ளுருண்டை, பொரி உருண்டை, பொருள்விளங்கா உருண்டை, நல்லெண்ணெய் விட்டுக் கிளறிய கருப்பட்டி அல்வா, தேங்காய்ப்பால் சேர்த்த கருப்புக்கவுனி அரிசி இனிப்பு. வெல்லமும் கருப்பட்டியும் முழு நிம்மதி. வீட்டில் செய்தால் உருண்டை பிடிக்கும்போது கையில் நெய் தடவும் பழக்கம் உண்டு, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் மாமியார் இப்போது அரிசி மாவு தொட்டுப் பிடிக்கிறார்.

ரமலானில் செய்யும் கடல்பாசி (அகர்-அகர்) இன்னொரு வரம். ஜெலட்டின் செய்கிற வேலையை அது செய்கிறது. பாலுக்குப் பதில் இளநீரில் காய்ச்சி ஆறவைத்தால், கம்மிக்காக ஏங்கும் பிள்ளைகள் கூடச் சமாதானம் ஆகிவிடுவார்கள்.

காஜூ கட்லி போன்றவற்றின் மேல் ஒட்டும் வெள்ளித் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய முறையில் அதை மாட்டுக் குடலும் தோலும் கொண்டு செய்த ஏடுகளுக்கு இடையில் வைத்துத் தட்டி மெலிதாக்குவார்கள். இப்போது இயந்திரத்தில் செய்வதும் இருக்கிறது. எப்படிச் செய்தது என்று கடைக்காரருக்கே பெரும்பாலும் தெரியாது. நாங்கள் வெள்ளி இல்லாததையே வாங்குகிறோம்.

அரக்கு, கார்மைன், தேன்மெழுகு என்றெல்லாம் இருக்கிறதே?

அவை பூச்சிகளிலிருந்து வருபவை. சைவர்களுக்கு மனவருத்தம் தரலாம். இந்த ஒவ்வாமைக்குத் தொடர்பில்லை. பளபளக்கும் மிட்டாய்களின் மேல் கன்ஃபெக்‌ஷனர்ஸ் கிளேஸ் என்று போடுவதும் அரக்குப் பூச்சுதான்.

சர்க்கரையை மாட்டு எலும்புக் கரியில் வடிகட்டுகிறார்களாமே?

அமெரிக்காவில் சில கரும்பு ஆலைகளில் அப்படிச் செய்கிறார்கள். பீட் கிழங்குச் சர்க்கரையிலும் இயற்கை வேளாண் சான்று பெற்ற சர்க்கரையிலும் அது இல்லை. கடும் வெப்பத்தில் எரித்துக் கரியான எலும்பில் புரதமோ கொழுப்போ மிஞ்சுவது அரிது. நான் இதற்காக எந்த மிட்டாயையும் ஒதுக்குவதில்லை.

ஜெலட்டினுக்குப் பதில் பழங்களிலிருந்து எடுக்கும் பெக்டின் போட்ட கம்மி சாப்பிட்டும் கணவருக்கு அரிப்பு வந்தது. எப்படி?

இதற்கு விடை தொழிற்சாலையில் இருக்கலாம். கம்மி மிட்டாயை வார்ப்பதற்குத் தட்டுகளில் சோள மாவைப் பரப்பி, அதில் கரடி, புழு வடிவக் குழிகளை அழுத்தி, சூடான பாகை ஊற்றுகிறார்கள். இறுகியதும் மிட்டாயைச் சலித்து எடுத்துவிட்டு, அதே மாவை உலர்த்தி மறுபடி பயன்படுத்துகிறார்கள். காலையில் ஜெலட்டின் கம்மியும் மாலையில் பெக்டின் கம்மியும் ஒரே மாவில் வார்க்கப்பட்டால் துணுக்குகள் கலக்கும். ஜெலட்டின் சட்டப் பட்டியலில் இல்லாததால் இதைப் பற்றி எச்சரிக்கை எதுவும் வராது. கடும் உணர்திறன் உள்ளவர்கள், ஜெலட்டினே பயன்படுத்தாத ஆலையில் செய்ததைத் தேடுவது நல்லது.

மஞ்சள், செம்மஞ்சள் நிறத்துக்குச் சேர்க்கும் பீட்டா கரோட்டினும் ஒரு காரணமாகலாம். அது கெடாமல் இருக்கச் சில தயாரிப்பாளர்கள் ஜெலட்டின் பொதிந்த மணிகளாக வாங்குகிறார்கள். கேட்டால்தான் தெரியும்.

நிறுவனத்துக்கு எழுதினால் பதில் சொல்வார்களா? எப்படிக் கேட்பது?

சொல்வார்கள், கேள்வி சரியாக இருந்தால். இதில் நான் நிறையக் கடிதங்களை வீணடித்திருக்கிறேன். ஒவ்வாமைப் பொருள் ஏதும் உண்டா என்று கேட்டால், ஒன்பதும் இல்லை என்று அச்சடித்த பதில் வரும். விலங்குப் பொருள் உண்டா என்று கேட்டால், தேன்மெழுகுக்காக ஆம் என்பார்கள். இப்போது இப்படிக் கேட்கிறேன்: "மாடு, பன்றி, ஆடு ஆகிய எந்தப் பாலூட்டியிடமிருந்தும் பெறப்பட்ட பொருள் இதில் உண்டா? இதிலுள்ள கிளிசரின், ஸ்டியரேட், மோனோகிளிசரைடு, இயற்கைச் சுவையூட்டி ஆகியவற்றின் மூலம் தாவரமா, விலங்கா? ஜெலட்டின் மிட்டாய்களை அதே இயந்திர வரிசையில் செய்கிறீர்களா?" உறையில் உள்ள தொகுதி எண்ணையும் விற்கப்படும் நாட்டையும் சேர்த்து எழுதுங்கள். சைவமா என்று பொதுவாகக் கேட்பதைவிட, ஒவ்வொரு பொருளின் பெயரையும் சொல்லிக் கேட்பதற்குத்தான் தெளிவான பதில் வருகிறது.

ஒருமுறை சரிபார்த்த மிட்டாயை மறுபடியும் பார்க்க வேண்டுமா?

ஒவ்வொரு முறையும். ஸ்கிட்டில்ஸ் மிட்டாயில் முன்பு ஜெலட்டின் இருந்தது, பிறகு நீக்கினார்கள். நீக்கியது போலவே வேறொன்றில் சேர்க்கவும் கூடும். நாட்டுக்கு நாடும் மாறும்: ஸ்டார்பர்ஸ்ட் மிட்டாயில் அமெரிக்காவில் ஜெலட்டின் உண்டு, பிரிட்டனில் விற்பதில் இல்லை. லண்டனிலிருக்கும் அண்ணி தின்று பார்த்துச் சரி என்றதை நம்பி இங்கே வாங்கக் கூடாது. பண்டிகைக்காலப் பெட்டிகளிலும் கவனம் தேவை. அதே பெயர், அதே நிறம். ஆனால் இதய வடிவத்துக்கோ பூசணி வடிவத்துக்கோ வேறு ஆலையில் வேறு பக்குவம் இருக்கலாம். உதிரி மிட்டாய்க்கு உறையில் இடம் போதாமல் பட்டியலே இருக்காது. எங்கள் வீட்டில் பட்டியல் இல்லாதது பிள்ளைகளுக்கு, அப்பாவுக்கு இல்லை.

டார்க் சாக்லேட் பாதுகாப்பா?

பாலைத் தாங்குபவருக்குக் கவலை இல்லை. மற்றவர்கள் பட்டியலில் வெண்ணெய்க் கொழுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பாக இருப்பதாலேயே பால் இல்லை என்று ஆகாது. பால் சாக்லேட் ஓடிய அதே வரிசையில் செய்வதால் பால் கலந்திருக்கவும் வாய்ப்பு அதிகம்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்?

வாந்தி எடுக்கவைக்காதீர்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றிரவு அவரைத் தனியாகத் தூங்கவிடாதீர்கள், ஏனெனில் தூக்கத்தில்தான் இது ஆரம்பிக்கிறது. கடும் ஒவ்வாமையை அடக்க மருத்துவர் எழுதிக்கொடுத்த எப்பிநெஃப்ரின் ஊசி படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மூச்சுத்திணறல், தொண்டை இறுகல், தலைசுற்றல், தடிப்போடு சேர்ந்த வாந்தி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் ஊசியைத் தொடையில் போட்டுவிட்டு அமெரிக்காவில் அவசர எண்ணான 911-ஐ அழையுங்கள். அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். ஆறு மணி நேரம் கடந்து ஒன்றுமில்லை என்றால் பெரும்பாலும் தப்பித்தோம். ஆனால் இன்று ஒன்றும் ஆகவில்லை என்பதை நாளை தின்பதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இது எப்போதாவது போகுமா?

புதிதாக உண்ணி கடிக்காமல் பார்த்துக்கொண்டால் சிலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல இரத்தத்தில் ஆல்ஃபா-காலுக்கு எதிரான எதிர்ப்பொருளின் அளவு குறைகிறது. மருத்துவர் மேற்பார்வையில் சிலவற்றை மறுபடி சாப்பிடத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். மறுபடி கடித்தால் அளவு ஏறிவிடும். தோட்ட வேலை முடிந்து வந்ததும் என் கணவர் காலுறையைக் கழற்றி, கணுக்காலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை தடவிப் பார்க்கிறார். முதுகை நான் பார்க்கிறேன். சென்ற சோதனையில் அவருடைய எண் முதல் ஆண்டில் இருந்ததில் பாதிக்கும் கீழே வந்திருந்தது. மார்ஷ்மெல்லோவுக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை, தயிர்சாதத்துக்குக் கிடைத்துவிட்டது.